சித்ராவும் வெங்காரமும்

சித்ராவின் வலது கை ஆட்காட்டி விரல் நகம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். வட்டவடைக்கு அவள் வாழ வந்த புதிதில், மண்ணைக் கிளறிக் கிளறித் தேய்ந்தது என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் நினைத்துக்கொண்டார்கள். வந்து ஒரு மாதம்கூட ஆகாதவளுக்கு மண்வேலையில் நகம் எப்படித் தேயும் என்று யாரும் யோசிக்கவில்லை. அது கேரம் ஆடித் தேய்ந்த நகம்.

அவள் பிறந்து வளர்ந்தது சூரியநெல்லிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பா பழனிச்சாமிக்கு பேக்டரியில் இலை வாட்டுகிற வேலை. அம்மா அழகுத்தாய் கொழுந்து எடுக்கப் போவாள். அவர்கள் குடியிருந்த லயம் என்ற வரிசை வீடுகளுக்குக் கீழே தொழிலாளர்களுக்கென்று ஒரு கிளப் இருந்தது. தகரக் கூரை, ஒரு டிவி, ஒரு கேரம் போர்டு. ஆனி, ஆடி மழையில் வெளியே தலைகாட்ட முடியாத நாட்களில் பழனிச்சாமி ஷிப்ட் முடிந்ததும் அங்கேதான் போவார். கூடவே மகளும் போவாள். ஆம்பளைகள் ஆடுகிற இடத்தில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை என்று ஓரிருவர் முனகினார்கள்.

"வீட்ல விட்டா அவ அம்மா கூடச் சண்டை போடுதா. இங்கன இருக்கட்டும்" என்று பழனிச்சாமி சொல்லிவிட்டார்.

உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள், ஆள் குறைகிற நாட்களில் ஆடவும் உட்கார்ந்தாள். ஒன்பதாம் வகுப்பில் அப்பாவையே தோற்கடித்தாள். தோற்றதைப் பழனிச்சாமி தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

போர்டில் தூவும் வெள்ளைப் பொடியை மூணாறு மருந்துக்கடையில் வாங்கி வருவார்கள். போரிக் பவுடர். அழகுத்தாய் அதில் கொஞ்சம் கேட்டு வாங்கி, சர்க்கரையோடு பிசைந்து அடுப்படி மூலைகளில் உருட்டி வைப்பாள். கரப்பான் தின்றுவிட்டுச் சாகும். "காயை ஓட வைக்கிற பொடி கரப்பானைப் படுக்க வைக்குது" என்று சித்ரா சிரிப்பாள். கேரம் ஆடிவிட்டுக் கை கழுவாமல் சோற்றில் கை வைத்தால் மட்டும் அம்மாவிடம் அடி விழும்.

வேல்முருகன் வட்டவடையிலிருந்து பெண் பார்க்க வந்தான். சொந்த நிலத்தில் காரட்டும் முட்டைக்கோசும் போடுகிறவன். காபி டம்ளரை வாங்கிக்கொண்டே கேட்டான்.

"கேரம் நல்லா ஆடுவியாமே?"

"ஆடுவேன். நீங்க?"

"நான் அடிச்சா காய் குழியில விழுகாது. போர்டைத் தாண்டிப் போய்த் தரையில விழுந்துரும்."

சித்ராவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெண் பார்க்கிற வீட்டில் பெண் வாய்விட்டுச் சிரித்தது பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. வேல்முருகனுக்குப் பிடித்துவிட்டது.

அவன் தன்னைப் பற்றிச் சொன்னது கேரத்துக்கு மட்டும் அல்ல. எதிலும் அப்படித்தான். குழம்புக்கு உப்புப் போடச் சொன்னால் கடல் தண்ணீர் மாதிரி ஆக்கிவிடுவான். ஆணி அடிக்கச் சொன்னால் பலகை பிளந்துவிடும். ஆனால் கல்யாணமான வருடத்தின் முதல் அறுவடை முடிந்ததும், மூணாறிலிருந்து வரும் ஜீப்பின் மேல் கட்டி ஒரு புதுக் கேரம் போர்டு கொண்டுவந்து இறக்கியவனும் அவன்தான். மலைப்பாதையில் போர்டு நனையக் கூடாது என்று தன் ஸ்வெட்டரைக் கழற்றி அதற்குப் போர்த்தியிருந்தான்.

எங்கள் வட்டவடையில் நிலம் மலைச்சரிவில் படிப்படியாக இருக்கும். ஒவ்வொரு படியையும் தட்டு என்போம். வேல்முருகனுக்கு வீட்டை ஒட்டிக் கீழே இறங்கும் சில தட்டுகள். தோட்டத்தில் பிறந்த சித்ராவுக்குத் தன் சொந்த மண் என்பது புதிது. எந்தத் தட்டில் எதைப் போடுவது என்று தாங்களே முடிவுசெய்கிற சந்தோஷம் அவளுக்கு நெடுநாள் குறையவில்லை. மகள் மோனிஷா பிறந்து, வளர்ந்து, ப்ளஸ் ஒன் படிக்க மூணாறு விடுதிக்குப் போனாள். வாழ்க்கை பெரிய மேடுபள்ளம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

பிறகு ஒரு வருடம் முட்டைக்கோசில் வேர்வீக்கம் வந்தது. செடி வெயிலில் துவண்டு விழும். பிடுங்கிப் பார்த்தால் வேர் முண்டும் முடிச்சுமாக இஞ்சிக் கிழங்கு போல வீங்கியிருக்கும். மண்ணில் அமிலம் ஏறிப் புளித்துக் கிடப்பதால் வரும் நோய், சுண்ணாம்பு போடுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். வேல்முருகன் போட்டான். தட்டுகள் மார்கழிப் பனி உறைந்த மாதிரி வெளுத்துப் போயின. மற்றவர்கள் ஒரு பை போட்ட இடத்தில் அவன் மூன்று பை போட்டான். அடுத்த வருடமும் நோய் வந்துவிடக் கூடாதென்று மறுபடியும் போட்டான். வேர்வீக்கம் போனது உண்மை. ஆனால் அதற்கப்புறம் வந்ததுதான் யாருக்கும் புரியவில்லை.

முட்டைக்கோசு வெளியே பார்க்க லட்சணமாக இருந்தது. வெட்டினால் நடுத்தண்டு கூடாக, உள்ளே பழுப்பேறிக் கிடந்தது. காரட் நீளவாக்கில் வெடித்திருந்தது. வியாபாரி ஒன்றை எடுத்து முறித்துப் பார்த்துவிட்டு, கூடையை நகர்த்தி வைத்தார். வேல்முருகன் அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

சித்ரா மறுநாள் வேளாண் அலுவலகமான கிருஷி பவனுக்குப் போனாள். அங்கே புதிதாக வந்திருந்த அதிகாரி நர்மதா, கிழக்குப் பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரி. வயது முப்பதுக்குள் இருக்கும். கோயம்புத்தூர்ப் பேச்சு. மலைக் குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மூக்கு சிவந்து உட்கார்ந்திருந்தாள். சித்ரா கொண்டுபோன முட்டைக்கோசைப் பிளந்து பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"ஏனுங்க்கா, சுண்ணாம்பு நெறையப் போட்டீங்களா?"

"எங்க வீட்டுக்காரரு போட்டாரு. கொஞ்சம் கை தாராளம்."

நர்மதா நிலத்துக்கே வந்து மண் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். முடிவு வந்ததும் வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"மண்ணுல போரான் கொறஞ்சு போச்சுங்க. அது ரொம்பத் துளியூண்டுதான் செடிக்கு வேணும். ஆனா அந்தத் துளி இல்லீன்னா தண்டு உள்ளாற கூடாயிரும், காரட்டு வெடிச்சுரும். இந்த மலையில மழை பாதியைக் கழுவிட்டுப் போயிருதுங்க. மிச்சம் இருந்ததையும் சுண்ணாம்பு ஜாஸ்தியானதால மண்ணு இறுக்கிப் புடிச்சுக்கிட்டு வேருக்கு விட மாட்டேங்குது."

வேல்முருகன் தலையைச் சொறிந்தான். "அப்ப சுண்ணாம்பு போட்டது தப்பா மேடம்?"

"சுண்ணாம்பு தப்பில்லீங்க. அளவுதானுங்க. போராக்ஸ்னு ஒண்ணு தாரேன், அதைப் போட்டாச் சரியாயிரும். தமிழ்ல வெங்காரம்னு சொல்லுவாங்க."

"தட்டாரு நகை பத்த வைக்கையில வைப்பாரே, அந்த வெங்காரமா?" என்றான் அவன்.

"அதேதானுங்க."

பேசிக்கொண்டே நர்மதாவின் பார்வை சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கேரம் போர்டுக்குப் போனது. பக்கத்தில் பொடி டப்பா. "இதுலயும் போரான் தானுங்க இருக்குது" என்றாள்.

சித்ராவுக்குச் சட்டென்று உடம்பு நிமிர்ந்தது. சின்ன வயதிலிருந்து விரலில் ஒட்டிக்கொண்டிருந்த பொடி. "இந்தப் பொடியிலயா? அப்ப இதையே தட்டுல தூவிரலாமே!"

"ஐயோ, அம்புட்டு டப்பாவுக்கு எங்கீங்க்கா போவீங்க! வெங்காரமே போதுமுங்க."

"அது கெடக்கட்டும். இதைத் தூவுனா காய் ஏன் இப்படி வழுக்குது, அதைச் சொல்லுங்க. எனக்கு ரொம்ப நாளாத் தெரியணும்."

நர்மதா மேசை மேல் கிடந்த செய்தித்தாள் அடுக்கின் மேல்தாளை விரலால் தள்ளினாள். அது வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. "இப்படித்தானுங்க. பொடிக்குள்ளாற கண்ணுக்குத் தெரியாத ஏடு ஏடா இருக்குது. ஒண்ணு மேல ஒண்ணு நழுவும்."

சித்ரா அந்தத் தாளைத் தானும் இரண்டு மூன்று முறை தள்ளிப் பார்த்தாள். பிறகு போர்டைக் கீழே இறக்கினாள். "ஒரு ஆட்டம் போட்டுட்டுப் போங்க" என்றாள். நர்மதா படுமோசமாக ஆடினாள். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். அதன்பின் சித்ராவுக்கு அவள் மேடம் இல்லை, நர்மதா.

பங்குனி விடுமுறைக்கு வந்த மோனிஷா, தனிமங்களின் அட்டவணையைச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்ய வேண்டுமாம். சித்ரா தோசைக் கரண்டியோடு வந்து நின்றாள்.

"போரான் எங்கடி இருக்கு?"

"இந்தா. அலுமினியத்துக்கு மேல, கார்பனுக்கு இடது பக்கம்."

"சுண்ணாம்பு?"

"சுண்ணாம்புன்னு தனியா இல்லம்மா. அதுக்குள்ள இருக்கிறது கால்சியம். இந்தப் பக்கம் மேலிருந்து கீழா ரெண்டாவது வரிசை."

சித்ராவுக்கு அது விளையாட்டாகிவிட்டது. உப்புக்குள் இருக்கும் சோடியம் இடது ஓரம், அதன் ஜோடி குளோரின் வலது பக்கம். உரமூட்டையில் வரும் பொட்டாசியம் சோடியத்துக்கு நேர் கீழே. பூண்டை நசுக்கினால் மூக்கைத் துளைக்கிறதே, அதற்குக் காரணமான கந்தகம் குளோரினுக்குப் பக்கத்து வீடு. அதை ஒட்டிப் பாஸ்பரஸ், தீப்பெட்டியின் உரசுகிற பக்கத்தில் இருப்பது. வேல்முருகனின் போன் பேட்டரிக்குள் லித்தியம், இடது ஓரத்தில் மேலே. கேட்கக் கேட்க மோனிஷா விரல் வைத்துக் காட்டினாள்.

"நடுவுல இருக்கிறதெல்லாம் என்ன?"

"இரும்பு, செம்பு, தங்கம் எல்லாம். அது வேற கூட்டம். நீ கேட்டது பூராம் ரெண்டு ஓரத்திலயும் இருக்கிற முதன்மைத் தொகுதி."

"தங்கம் நடுவுல உக்காந்திருக்கு. சோறு போடுறது ஓரத்துல உக்காந்திருக்கு" என்றாள் சித்ரா. அதற்குள் தோசை கருகியிருந்தது.

வெங்காரம் வந்து சேர்ந்தபோது நர்மதா ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னாள். காய்ந்த மணலோடு கலந்து தூவ வேண்டும், அப்போதுதான் எல்லா இடத்திலும் ஒரே சீராக விழும். ஒரு தடவைக்கு மேல் கூடாது. பீன்ஸ் போட்டிருக்கும் தட்டில் இன்னும் ஜாக்கிரதை, அதற்குப் போரான் ஜாஸ்தியானால் தாங்காது. வேல்முருகனும் கூடவே நின்று கேட்டான். "ஒரே தடவை" என்று அவனைப் பார்த்தே நர்மதா சொன்னாள். அவன் பிள்ளை மாதிரித் தலையாட்டினான்.

அவன் லோடு ஏற்றிக்கொண்டு மூணாறுக்குப் போன அன்று, வரும்போது வேலை முடிந்திருக்கட்டும் என்று சித்ரா தானே மணல் கலந்து எல்லாத் தட்டிலும் தூவி முடித்தாள். அவன் திரும்புவதற்குள் சூரியநெல்லியிலிருந்து போன் வந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல். கிடைத்த ஜீப்பில் ஏறிப் போய்விட்டாள்.

ஒரு வாரம் கழித்து அம்மா தேறி, சித்ரா திரும்பியபோது பீன்ஸ் தட்டு மஞ்சளித்துக் கிடந்தது. கீழ் இலைகளின் ஓரம் முழுக்க நெருப்பில் வாட்டியது போலக் கருகியிருந்தது. நர்மதா இவ்வளவு படித்துப் படித்துச் சொல்லியும் தன் கை எங்கோ தவறிவிட்டது என்று நினைத்தாள். நாள் முழுக்க வரப்பில் உட்கார்ந்து, எவ்வளவு வெங்காரத்துக்கு எவ்வளவு மணல் போட்டோம் என்று மனதுக்குள் திரும்பத் திரும்பக் கலந்து பார்த்தாள். சாயங்காலம் வேல்முருகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஏங்க, நாந்தான் ஜாஸ்தியாப் போட்டுட்டேன் போலருக்கு" என்றாள்.

வேல்முருகன் அவளை விசித்திரமாகப் பார்த்தான். "நீ எங்க போட்ட? நான்ல போட்டேன்?"

"என்னது?"

"நீ அம்மாவுக்கு முடியலன்னு ஓடிட்ட. வந்து இந்த வேலையை வேற பாக்கணுமேன்னு நான் மறுநாளே போட்டு முடிச்சுட்டேன். மேடம் சொன்ன அளவுதான். மணலெல்லாம் கலந்தேன் புள்ள! ஒரு தடவைதான். சத்தியமா."

"நான் போறதுக்கு முன்னாடியே எல்லாத் தட்டுலயும் போட்டுட்டேனே! பையில பாதிதான இருந்திருக்கும்? பாக்கலையா?"

"பாதிப் பைதான் குடுத்தாங்கன்னு நெனைச்சேன்."

இருவரும் கருகிய பீன்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாழ்க்கையிலேயே முதல்முறையாக அளவாக ஒரு வேலை செய்தவன், அதிலும் இப்படி ஆகிவிட்டதே என்று வேல்முருகன் முகம் தொங்கிப்போய் இருந்தான். சித்ராவுக்குக் கோபம் வர வேண்டிய இடம். அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. முதலில் அடக்கினாள், பிறகு முந்தானையால் வாயைப் பொத்தினாள், கடைசியில் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவனும் கொஞ்சம் கழித்துச் சிரித்தான். பீன்ஸ் போனது போனதுதான்.

மறுநாள் நர்மதா வந்து தட்டைச் சுற்றிப் பார்த்தாள். நடந்ததைக் கேட்டு அவளும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

"திட்டுவீங்கன்னு பயந்தேன்" என்றாள் சித்ரா.

"எதுக்குங்க்கா? ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசை பண்ணதுக்கா? இந்தச் செடியைக் காப்பாத்த முடியாதுங்க, எடுத்துருங்க. மழை புடிச்சா மிச்சத்தைத் தானாக் கழுவிக்கிட்டுப் போயிரும். அப்பறம் இந்தத் தட்டுல பீன்ஸ் வேண்டாம், முட்டைக்கோசு வைங்க. பீன்ஸுக்கு ஆகாதது அதுக்கு ஆகும். காரட்டுத் தட்டையும் நான் பாத்தேன், அது தாங்கிக்கும்."

அப்படியே செய்தார்கள். வைகாசியில் தொடங்கும் இடவப்பாதி மழை அந்த வருடம் சொன்ன நேரத்துக்குப் பிடித்து, நின்று நிதானமாகப் பெய்தது. தட்டிலிருந்து தட்டுக்குத் தண்ணீர் இறங்கி ஓடியதைச் சித்ரா வாசலில் நின்று பார்த்தாள். நர்மதா சொன்னதிலிருந்து மழையைப் பார்த்தாலே சத்து போகிறதே என்று வயிறு எரிந்தவள், இந்தத் தடவை போகட்டும் போகட்டும் என்று நின்றாள். மழை சற்று ஓய்ந்த இடைவெளியில் முட்டைக்கோசு நாற்றுகளை நட்டார்கள்.

ஓணம் வந்தது. ஊர் கிளப்பில் போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார்கள். செயலாளர் யாக்கோபு, ஜீப் ஓட்டுகிறவர். சித்ராவும் நர்மதாவும் போய் கேரம் இரட்டையருக்குப் பெயர் சொன்னதும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, லேடீஸுக்கு அத்தப்பூக் கோலப் போட்டி இருக்கு, வடம் இழுக்கிறது இருக்கு. கேரம் ஆம்பளைகளுக்குல்ல?"

"நோட்டீஸ்ல அப்படிப் போட்டிருக்கீங்களா?"

யாக்கோபு நோட்டீஸை எடுத்து மேலும் கீழும் படித்தார். "போடலதான்."

"அப்ப எழுதிக்கோங்க."

யாக்கோபுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதிக்கொண்டார்.

போட்டியன்று கிளப்பின் ஜன்னல்களிலெல்லாம் பெண்கள் தலை. நர்மதா பயத்தில் ஸ்டிரைக்கரைத் தொடுமுன்பே வியர்த்தாள். சித்ரா உட்கார்ந்தபிறகு போர்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த காயை போர்டின் எதிர்ச்சட்டத்தில் அடித்துத் திரும்பி வரவைத்துக் குழியில் போட்டபோது, வேல்முருகன் போட்ட சத்தத்தில் நடுவர் அவனை வெளியே போகச் சொன்னார். அவன் ஜன்னலுக்கு வெளியே பெண்களோடு நின்று பார்த்தான். அரையிறுதியில் யாக்கோபின் ஜோடியையே தோற்கடித்தார்கள். இறுதிப் போட்டி கடைசி ஆட்டம்வரை வந்தது. சிவப்புக் காய் நர்மதாவின் கையில் தவறியது. சிலந்தியாற்றிலிருந்து வந்த சகோதரர்கள் இரண்டு பேர் ஜெயித்தார்கள்.

"சாரிங்க்கா" என்று நர்மதா அழுகிற மாதிரி ஆகிவிட்டாள்.

"போடி இவளே. பைனல் வரைக்கும் வந்திருக்கோம், அழுதுட்டு நிக்கா" என்று சித்ரா அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

இரண்டாம் பரிசு ஒரு அலுமினியக் குக்கர். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. "நீங்க பானையை எடுத்துக்கங்க, நான் மூடியை எடுத்துக்கறேன்" என்றாள் நர்மதா. கடைசியில் குக்கர் சித்ரா வீட்டில் இருப்பது, நர்மதா ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிடுவது என்று முடிவானது.

ஓணம் கழிந்து முட்டைக்கோசு வெட்டினார்கள். முதல் காயை அறுத்த சித்ரா உடனே பிளக்கவில்லை. கையில் வைத்து எடை பார்த்தாள். கனமாக இருந்தது. வரப்புக் கல்லில் வைத்துக் குறுக்கே வெட்டினாள். தண்டு பால்வெள்ளையாக, இடைவெளியே இல்லாமல் இறுகியிருந்தது. வேல்முருகன் குனிந்து, விரலால் தட்டிப் பார்த்தான். பிறகு ஒரு துண்டை அப்படியே வாயில் போட்டு மென்றான்.

"இனிக்குது" என்றான்.

காரட்டும் வெடிக்காமல் நேராக வந்திருந்தது. வியாபாரி அந்த முறை எதையும் முறித்துப் பார்க்கவில்லை. பக்கத்துத் தட்டுக்காரர்கள் வந்து விசாரித்தார்கள். சித்ரா அவர்களை நர்மதாவிடம் அனுப்பினாள். ஒருவர் மண்போல இன்னொருவர் மண் இருக்காது, முதலில் பரிசோதனைக்குக் கொடுங்கள் என்று தானும் சொன்னாள்.

இப்போது கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை மதியம் கேரம் போர்டு பெண்களுக்கு. யாக்கோபே நோட்டீஸ் ஒட்டினார். முதலில் சித்ராவும் நர்மதாவும் மட்டும் போனார்கள். இன்று போனால் இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. நர்மதா மலைக்குளிருக்குப் பழகிவிட்டாள், ஒரு ஸ்வெட்டரோடு நிறுத்திக்கொண்டாள். மோனிஷா ப்ளஸ் டூ முடித்து வேதியியல் படிக்கப் போகிறேன் என்கிறாள். வேல்முருகன் அதைக் கேட்டு, "நம்ம வீட்ல ஏற்கெனவே நெறைய வேதியியல் நடக்குது" என்றான்.

போன வாரம் நான் அந்தப் பக்கம் போனபோது, புருஷனும் பெண்டாட்டியும் ஒரு தட்டில் பூண்டு நட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் குழி போட, அவள் பின்னாலேயே பல் வைத்து மூடிக்கொண்டு வந்தாள். நல்ல வெயில். கீழே பள்ளத்தாக்கில் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. டீ வைக்கிறேன், இருந்துவிட்டுப் போங்கள் என்று சித்ரா கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.